தோளில் வைக்கும் கை

சென்னையிலிருந்து தெற்கே பஸ்ஸில் போகிறவர்களுக்குத் திண்டிவனம் பாதித் தூக்கத்தில் காதில் விழுகிற ஒரு பெயர். நாலு பேர் இறங்குவார்கள், வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் ஏறுவார், பாண்டிச்சேரி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அவசரமாகப் பையைத் தேடுவார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அந்த ஊரை இன்னொரு வகையிலும் தெரியும். எங்கள் வீடுகளில் இருக்கும் ‘திருவிவிலியம்’, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்ற சபைக்காரர்களும் சேர்ந்து செய்தது. அதன் முதல் பக்கங்களில் ஒரு முகவரி இருக்கும்: தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம், திண்டிவனம். குமரிக் கடற்கரையில் ஒரு மீனவர் வீட்டில் வாசிக்கப்படும் திருப்பாடலும் விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் வாசிக்கப்படும் திருப்பாடலும் அந்த ஊர் வழியாக வந்தவைதான்.

எங்கள் வீட்டில் வாசிக்கப்படும் என்பது கொஞ்சம் அதிகம். அண்ணன் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த புத்தகம் அது. திருஇருதயப் படத்துக்குக் கீழே ஷெல்பில் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. உள்ளே போன வருடக் குருத்தோலைத் துண்டு ஒன்று, அப்பாவின் நினைவு அட்டை, ஒரு கேஸ் ரசீது. அதை வெளியே எடுக்க வைத்தது என் அண்ணன் மகளுக்கு வந்த உறுதிபூசுதல்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக ஒரு நிமிடம். குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். நம்மை யாரும் கேட்பதில்லை. ஏழெட்டு வயதில் புதுநன்மை. பிறகு பதின்வயதில், ஊருக்கு ஊர் வயது கொஞ்சம் மாறும், ஆயர் வந்து நெற்றியில் கிறிஸ்மா எண்ணெயால் சிலுவை வரைவார். ஒலிவ எண்ணெயில் வாசனைப் பரிமளம் கலந்து, புனித வாரத்தில் ஆயரே மந்திரித்து வைக்கிற எண்ணெய் அது. சிறுவயதில் உனக்காக மற்றவர்கள் சொன்ன ‘நம்புகிறேன்’ என்பதை இப்போது நீயே சொல்ல வேண்டும். சி.எஸ்.ஐ. காரர்கள் இதற்குத் ‘திடப்படுத்தல்’ என்பார்கள். எனக்கு எங்கள் சொல்தான் பிடிக்கும். உறுதியை எண்ணெய் மாதிரிப் பூசிவிடலாம் என்று நினைத்த அந்தப் பழைய ஆள் யாரோ, அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பங்கில் பேராயர் வரும் தேதி தபசு காலத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு மேலே இருக்கிற பிள்ளைகள் பெயர் கொடுக்கலாம். நாற்பது நாள் வீட்டில் குடும்ப செபம், தினமும் விவிலிய வாசிப்பு, ஒரு நோட்டில் என்ன வாசித்தோம் என்று இரண்டு வரி, அதன் கீழே பெற்றோர் கையெழுத்து. அண்ணனுக்கு ரயில்வேயில் இரவு டியூட்டி. அண்ணிக்குப் பதினோரு மணி வரை தையல். நோட்டு என்னிடம் வந்தது. நான் ஞாயிறு பூசைக்குப் போகிறவள், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் தமிழை நிறுத்தி வாசிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று அண்ணி முடிவு செய்துவிட்டார்.

முதல் வாரம் ஒரு கூத்து. அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. மாலை ஏழரைக்கு ஐம்பத்து மூன்று மணிச் செபம் ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு ரயில் மாதிரிப் போவார். அவர் செபம் பழைய செபம். தூய ஆவியார் என்று நாங்கள் சொல்லும் இடத்தில் அவருக்கு ‘இஸ்பிரீத்து சாந்து’. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். அதற்குப் பிறகு பரிசுத்த ஆவி வந்தது, தூய ஆவி வந்தது, இப்போது ‘ஆர்’ விகுதியும் சேர்ந்திருக்கிறது. நானூறு வருடத் தமிழில் அந்த மூன்றாம் ஆள் மெல்ல மெல்ல மரியாதை வாங்கிக்கொண்டிருக்கிறார். அண்ணன் மகளுக்கு இது பெரிய வேடிக்கை. “ஆயா, யாரு அந்த சாந்து? பொட்டு வெக்கிற சாந்தா?” என்று ஒரு நாள் கேட்டு, செபமாலையாலேயே அடி வாங்கினாள்.

அடி என்றதும் அம்மாவுக்குத் தன் உறுதிபூசுதல் நினைவுக்கு வந்தது. பழைய சடங்கில் எண்ணெய் பூசியபின் ஆயர் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். விசுவாசத்துக்காக அடி வாங்கவும் தயாராக இரு என்று அர்த்தம் சொல்லுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, ஆறாம் பவுல் 1971இல் சடங்கைத் திருத்தியபோது அது போய்விட்டது. அம்மா அதற்கு முன்பே வாங்கியவர். “பிஷப்பு வெள்ளக்காரரு. கை இம்மாம் பெரிசு. நான் பயந்துபோய் பாவாடையிலயே...” என்று நிறுத்திவிட்டார். அன்றைக்குச் செபம் சிரிப்பில் கலைந்தது. நோட்டில் ‘ஆயா சாட்சியம் சொன்னார்’ என்று எழுதினாள்.

வகுப்பில் கேட்கும் கேள்விகள் வேறு இருந்தன. தூய ஆவியின் ஏழு கொடைகள் என்னென்ன? அம்மா தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்: ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம். “விமரிசைன்னா? விமரிசையாகக் கொண்டாடினார்கள், அதுவா?” என்றாள் இவள். இல்லை, எது சரி என்று ஆராய்ந்து சொல்லும் திறன். திண்டிவனத்து விவிலியத்தில் எசாயா 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தோம். மெய்யுணர்வு, நுண்மதி என்று வேறு சொற்கள். எண்ணிப் பார்த்தவள், “அத்தை, இங்க ஆறுதான் இருக்கு” என்றாள். சரிதான். எபிரேயத்தில் ஆறுதான். கிரேக்க மொழிபெயர்ப்பிலும் லத்தீனிலும் பக்தி என்று ஒன்று கூடுதலாக வந்து ஏழானது. இதைச் சொன்னதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் எழுதிவைக்க மாட்டேன். பெரியவர்களின் கணக்கில் ஒன்று இடிக்கிறது என்று கண்டுபிடித்த சந்தோஷம். அன்றிலிருந்துதான் அவள் உண்மையாகவே வாசிக்க ஆரம்பித்தாள்.

நாற்பது நாளுக்கு என்ன வாசிப்பது என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒரு யோசனை சொல்லி அனுப்பினார்: திருத்தூதர் பணிகள் இருபத்தெட்டு அதிகாரம், கலாத்தியர் ஆறு, ஆக முப்பத்து நான்கு, மீதி ஆறு நாள் காய்ச்சலுக்கும் கரண்ட் கட்டுக்கும். இவர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செவிலியர். விழுப்புரத்தில் வாடகை வீடு, சொந்த ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில். இரவு டியூட்டி முடிந்து, தூங்காமல், ஞாயிறு பூசைக்குப் பிறகு இருபது பதின்வயதுப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டு உட்காரவைக்கிறவர். எங்கள் வீட்டுப் பிள்ளை அவரை ‘சிஸ்டர் அக்கா’ என்பாள். மருத்துவமனையில் சிஸ்டர், கோயிலில் அக்கா.

எட்டாவது நாள் எட்டாவது அதிகாரம். உறுதிபூசுதலுக்கு விவிலியத்தில் எங்கே வேர் என்று கேட்டால் திருச்சபை காட்டுகிற இடங்களில் முக்கியமானது இது. சமாரியாவில் பிலிப்பு போதித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார். எருசலேமில் செய்தி கேட்டுப் பேதுருவும் யோவானும் புறப்பட்டு வருகிறார்கள். வந்து அவர்கள்மேல் கைகளை வைக்கிறார்கள். அப்போதுதான் தூய ஆவி இறங்குகிறார்.

சமாரியர் யார் என்பது தெரியாவிட்டால் இது சாதாரணச் சம்பவம். யூதர்கள் ஒட்டாத ஆட்கள் அவர்கள். யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்கும்போது அந்தப் பெண் திகைக்கிறாள். யூதரும் சமாரியரும் பழகுவதில்லை என்று அங்கே ஒரு குறிப்பு வரும். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு, ஒரே பாத்திரத்தைப் புழங்குவதில்லை என்றும் பொருள் கொள்ளலாம் என்கிறார்கள் உரைகாரர்கள். ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில அப்படியே போட்டிருக்கின்றன. இதை நான் சொல்லவில்லை. சிஸ்டர் அக்கா வகுப்பில் சொல்லி, இவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். பாத்திரம் புழங்காத ஆட்களின் தலைமேல் கையை வைத்ததுதான் முதல் உறுதிபூசுதல்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். மூடிய கண் கொஞ்சம் இறுகியதை நான் பார்த்தேன்.

நாங்கள் வன்னியக் கத்தோலிக்கர்கள். எங்கள் பூர்வீக ஊர் விழுப்புரத்துக்கு மேற்கே. கோயிலைச் சுற்றி எங்கள் தெருக்கள், வயலைத் தாண்டிக் காலனி. அங்கேயும் மாதா படம், இங்கேயும் மாதா படம். கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு. திருவிழாத் தேர் எங்கள் தெருக்களோடு திரும்பிவிடும். விழுப்புரத்துக்குக் குடிவந்தபிறகு பிறந்த பெண் என்பதால் அண்ணன் மகளுக்கு இதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் போகும்போது கண்ணில் படுகிற விஷயம்தான். இந்த வருடம் கண்ணில் பட்டது வாயில் வந்துவிட்டது.

பத்தாவது அதிகாரம், பேதுரு மொட்டை மாடியில் பசியோடு காட்சி காண்கிற இடம். தீட்டு என்று நினைத்த பிராணிகளெல்லாம் ஒரு விரிப்பில் இறங்கி வருகின்றன, அடித்துச் சாப்பிடு என்று குரல். அதற்கு அர்த்தம் தெரியாமல் அவர் குழம்பிக்கொண்டிருக்கும்போதே கொர்னேலியு என்ற ரோமானிய நூற்றுவர் தலைவரின் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். பேதுரு போகிறார். அங்கே இன்னும் ஞானஸ்நானம்கூடக் கொடுக்கவில்லை, அதற்குள் ஆவி இறங்கிவிடுகிறது. சடங்குக்கு முன்பே. இவள் நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்: “ஆயா, நம்ம ஊர்ல தேர் ஏன் காலனிக்குப் போகாது?”

“ரோடு சரியில்ல.”

“போன வருஷம் சிமென்ட் ரோடு போட்டாங்களே?”

“அது வேற, இது வேற. நீ செபத்த சொல்லு.”

அன்றிரவு அவள் தூங்காமல் என் பக்கத்தில் வந்து படுத்தாள். எறையூர் என்று கூகுளில் தேடியிருக்கிறாள். வகுப்பில் யாரோ ஒரு பையன் சொல்லியிருக்கிறான். 2008 மார்ச். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். அது மோதலாகி, வீடுகள் தாக்கப்பட்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்த இருவரும் வன்னியர்கள். இரண்டு பக்கமும் செபமாலை வைத்திருந்தவர்கள். “நான் பொறக்கறதுக்கு முன்னாடி” என்றாள், ஏதோ அதனால் தனக்குப் பொறுப்பில்லை என்று உறுதி செய்துகொள்கிற குரலில். இல்லை, அந்தக் குரலில் அது மட்டும் இல்லை.

நான் அவளுக்கு இன்னும் பழைய கதை ஒன்றைச் சொன்னேன். எங்கள் மறைமாவட்டத்தின் தலைமை இருக்கும் புதுச்சேரியில், 1745இல், கோயிலுக்கு உள்ளேயே பறையரையும் மற்ற சாதிக்காரரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. அதை இடிக்கச் சொல்லி வந்த சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவர் இடிக்கப்பட்டது. “அப்ப சரியாயிடுச்சா?” என்றாள். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்கள் பற்றிக் கொள்கை அறிக்கை ஒன்று வெளியிட்டது, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒத்துக்கொண்டார்கள் என்றேன். இரண்டு வருடத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அவளே கழித்துப் பார்த்துக்கொண்டாள். கணக்கில் கெட்டி.

குடும்ப செபம் பிள்ளைகளை அடக்கும் என்று நம்புகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். சினிமாவையும் போனையும் விட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவார்கள், பயபக்தி வரும் என்பது அவர்கள் எண்ணம். பிள்ளைகளிடம் வேதப் புத்தகத்தைக் கொடுத்து, தொடர்ந்து வாசி, நடுவில் விடாதே என்றும் சொல்லிவிட்டால், அது எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது ஞானத்தாயில் போய் நின்றது.

உறுதிபூசுதலுக்கு ஒரு ஞானப் பெற்றோர் வேண்டும். ஆயர் எண்ணெய் பூசும்போது பின்னால் நின்று பிள்ளையின் தோளில் வலது கையை வைக்க வேண்டியவர். சொந்த அப்பா அம்மா ஆகக் கூடாது. உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக, பதினாறு வயது முடிந்தவராக இருக்க வேண்டும். ஞானஸ்நானத்தின்போது நின்றவரே நிற்பது நல்லது என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது, கட்டாயம் இல்லை. இவளுக்கு ஞானஸ்நானத்தில் நின்றவர் அண்ணியின் அக்கா, நெய்வேலியில் இருக்கிறார். அவருக்குப் புடவைகூட எடுத்தாயிற்று. கலாத்தியர் ஆரம்பித்த வாரத்தில் இவள் சொன்னாள்: “எனக்கு சிஸ்டர் அக்காதான் நிக்கணும்.”

அண்ணி தையல் மெஷினை நிறுத்தினார். அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மாதான் பேசினார், சத்தமில்லாமல். “நல்ல பொண்ணுதான். யாரு இல்லன்னா? ஆனா ஞானத்தாய்னா நாளைக்கு உன் கல்யாணத்துல மேடையேத்தணும். ஊர்ல இருந்து வருவாங்க. அந்தப் பொண்ணையும் சேத்துத்தான் அசிங்கப்படுத்துவாங்க.” இதை வெறும் சாதித் திமிர் என்று தள்ளிவிட முடியவில்லை என்பதுதான் தொல்லை. அம்மா ஊரை அறிந்தவர். அந்த அறிவையே கேடயமாகப் பிடித்துக்கொண்டவர். பிறகு சமாதானமாக, “பெரியம்மா வேணாம்னா அத்த நிக்கட்டும்” என்றார். எல்லாருக்கும் வசதியான வழி. நான் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கேட்கவில்லையே.

மறுநாள் கலாத்தியர் 2. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து மெல்ல விலகுகிறார். பர்னபாவும் கூடச் சேர்ந்து விலகுகிறார். பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். முதல் பாப்பரசர், பந்தி விஷயத்தில், ஊருக்குப் பயந்து. இவள் வாசித்து முடித்து எதுவும் சொல்லவில்லை. நோட்டில் என்ன எழுதட்டும் என்று மட்டும் கேட்டாள். அம்மா, “எழுது, ராயப்பரு பயந்தாரு” என்றார். அவருக்குப் பேதுரு இன்னும் ராயப்பர்தான்.

சிஸ்டர் அக்காவிடம் கேட்கப் போனது நானும் அவளும். சந்தோஷப்பட்டுக் கண்கலங்குவார் என்று இந்தப் பெண் நினைத்திருந்தாள். அவர் டீ போட்டுக்கொண்டே, திரும்பாமல், “எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?” என்றார். பிறகு என்னைப் பார்த்து: “சர்டிபிகேட்ல நீங்களும் பி.சி., நானும் பி.சி. ஞானஸ்நானம் வாங்கினதால எங்களுக்கு எஸ்.சி. கிடையாது. ஊர்ல ஞானஸ்நானம் வாங்கினது யாருக்கும் ஞாபகம் வராது. நான் வந்து ஒரு நாள் தோள்ல கை வெச்சுட்டு, போட்டோ எடுத்துட்டு, மறுநாள்லேர்ந்து உங்கம்மா என்னப் பாத்தா எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு யோசிச்சிட்டே பூசைக்கு வரணுமா?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னாள்: “நீங்கதான அக்கா எட்டாவது அதிகாரம் நடத்துனீங்க.”

அவர் நீண்ட நேரம் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சரி. பாஸ்கா முடிஞ்ச ஞாயித்துக்கிழம எங்க அம்மா வீட்ல சாப்பாடு. எல்லாரும் வரணும். வந்தா நிக்கிறேன்.”

அண்ணன் போனான், அண்ணி போனார், நான் போனேன். விழுப்புரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம், பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக. நாட்டுக்கோழிக் குழம்பு. அவருடைய அம்மா இவளை மடியில் உட்காரவைக்காத குறையாகக் கொஞ்சினார். அண்ணன் மூன்றாம் முறை சோறு வாங்கினான். எங்கள் அம்மா வரவில்லை. முட்டி வலி. முட்டி வலி பொய்யில்லை, இருபது வருடமாக இருக்கிறது. வராதவரைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது சிஸ்டர் அக்கா மட்டும் இவளிடம், “ஆயாவுக்கு மருந்து எழுதித் தரவா?” என்றார். கிண்டலா, கரிசனமா, தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

உறுதிபூசுதல் அன்று கோயிலில் கூட்டம். ஐம்பது பிள்ளைகளுக்கு மேல், வெள்ளை உடை, மே மாத வெயில், ஃபேன் காற்றுக் கீழே இறங்கவில்லை. வரிசை நகர்ந்தது. பேராயர் பெயரைக் கேட்டு, கட்டைவிரலை எண்ணெயில் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டார். எங்கள் முறை வந்தபோது சிஸ்டர் அக்காவின் கை இவள் தோளில் இருந்தது. ஊசி போட்டுப் பழகிய கை, நடுங்கவில்லை. முன் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். முழங்காலிட முடியாதவர்களுக்கான இடம். ஊரிலிருந்து வந்த எங்கள் சித்தி பின்னாலிருந்து, “யாரது கை வெச்சிருக்கிறது?” என்று கேட்டதும், “அவளோட டீச்சரு” என்று அம்மா சொன்னதும் எனக்குக் கேட்டது.

சிஸ்டர் அக்காவுக்கு இரண்டு மணிக்கு டியூட்டி. சாப்பிடாமல் முண்டியம்பாக்கம் பஸ் ஏறப் போனார். வீட்டில் பிரியாணி தயாராக இருந்தது. அவருக்குக் கட்டிக் கொடுத்தனுப்பச் சொன்னது அம்மாதான், அதை இங்கே எழுதியாக வேண்டும். பார்சல் வாங்கும்போது மிச்சமாகும் பிளாஸ்டிக் டப்பாக்களை வீட்டில் சேர்த்து வைத்திருப்போம், திரும்ப வர வேண்டாத டப்பாக்கள். அதில் ஒன்றை எடுத்து நிறைத்தார். இவள் வந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் அடுக்கு கேரியரை இறக்கினாள். அப்பா வேலைக்கு எடுத்துப்போனது, மூடியில் அவர் பெயர் வெட்டியிருக்கும். பிரியாணியை அதற்கு மாற்றி, மேல் அடுக்கில் வெங்காயப் பச்சடி வைத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். நெற்றியில் எண்ணெய் இன்னும் பளபளத்தது.

கேரியர் மூன்று நாள் கழித்து வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருகிற பழக்கம் நம் பக்கம் கிடையாது இல்லையா? அடுக்கு நிறைய அதிரசம். அவருடைய அம்மா சுட்டுத் திண்டிவனத்திலிருந்து கொடுத்தனுப்பியது. இவள் திறந்து ஆயா முன்னால் வைத்தாள். அம்மா கேரியரை எடுத்து, மூடியில் அப்பாவின் பெயரை முந்தானையால் துடைத்தார். எத்தனை இருக்கிறது என்று கேட்டார். பன்னிரண்டு.

அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. அதிரசம் தொடக் கூடாது.

“பாதி புட்டுக் குடு” என்றார்.